ஹோல்மீல் ரொட்டி: நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்ற அளவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே ஹோல்மீல் (தவிடும் முளையும் நீக்காமல் அரைத்த முழுக் கோதுமை மாவு) ரொட்டி சுடும் முறை வெளிவந்திருந்தது. நல்ல முயற்சி. ஆனால் அதில் சொன்னபடி வெதுவெதுப்பான நீரில் ஈஸ்ட்டைக் கரைத்து, கதகதப்பான இடத்தில் மாவை இரண்டு மணி நேரம் வைத்து, இரு மடங்காக உப்பட்டும் என்று காத்திருந்தால், கோலாலம்பூர் அடுப்படியில் கிடைப்பது நடுவில் குழிந்த, புளிப்பு வாடை அடிக்கும் கட்டிதான். அது அடுப்படி 18, 20 டிகிரி இருக்கும் குளிர் நாட்டுக்காரர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட முறை. இங்கே காலை பத்து மணிக்கெல்லாம் அடுப்படி 30 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடுகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அங்கே இரண்டு மணி நேரம் எடுக்கும் வேலை இங்கே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதைச் சொல்லாமல் விட்டால் மற்ற எல்லாம் சரியாகச் செய்தும் பயனில்லை.

அளவைக் கப்பில் கொடுத்தது இன்னொரு தொல்லை. ஹோல்மீல் மாவைக் கரண்டியால் அள்ளிக் கப்பில் போட்டால் 120 கிராம் பிடிக்கும். கப்பையே மாவுக்குள் விட்டு அமுக்கி எடுத்தால் 150 கிராமுக்குப் பக்கத்தில் வரும். நான்கு கப்பில் 100 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எந்த ரொட்டியும் தாங்காது. ஆகவே இனி ரொட்டி செய்முறை வெளியிடும்போது எடையைக் கிராமிலும், டின்னின் கொள்ளளவை லிட்டரிலும், பிசைந்து முடித்த மாவு எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த ஊருக்கு ஒத்துவரும் அளவைக் கீழே தருகிறேன்.

ஒரு ரொட்டிக்கு ஹோல்மீல் மாவு 500 கிராம், தண்ணீர் 400 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், எண்ணெய் 25 கிராம், பழுப்புச் சர்க்கரை அல்லது தேன் 15 கிராம், வினிகர் ஒரு மேசைக்கரண்டி. வினிகர் எதற்கு என்று பிறகு சொல்கிறேன், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடையில் 11 கிராம் பொட்டலமாக விற்கும் ஈஸ்ட்டை அப்படியே கொட்டுவது இங்கே பலருடைய பழக்கம். அது தேவையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். 4 கிராமை நிறுக்கச் சமையல் தராசு போதும். தராசு ஒரு கிராமுக்குக் கீழ் காட்டாது என்பவர்கள் ஒன்றே கால் தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் முறை சுடுகிறவர்கள் 500 கிராமையும் ஹோல்மீலாகவே போட வேண்டாம் என்பது என் கருத்து. 350 கிராம் ஹோல்மீல், 150 கிராம் ரொட்டி மாவு (புரதம் 12 விழுக்காட்டுக்கு மேல் உள்ளது) என்று தொடங்கி, தண்ணீரை 370 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கை பழகியபின் வெள்ளை மாவை 50 கிராம் 50 கிராமாகக் குறைத்துக்கொண்டே வரலாம். தனியாக விற்கும் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம்) பொடியை வாங்கிச் சேர்க்கச் சிலர் சொல்கிறார்கள். ரொட்டி உயரமாக வரும், உண்மைதான். ஆனால் அன்றாடம் சாப்பிடுகிற ரொட்டிக்கு அது வீண் செலவு, மென்றால் ரப்பர் மாதிரி இழுக்கும்.

மாவு வாங்கும்போது பாக்கெட்டின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைப் பாருங்கள். வெறுமனே 'தெப்போங் காண்டும்' (மலாயில் கோதுமை மாவு) என்றிருந்தால் அது வெள்ளை மாவு. நம் கடைகளில் கோதுமை மாவு என்று கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளடக்கப் பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் வரும். கடை ரொட்டிக்கும் இதே கணக்கு. பட்டியலில் கோதுமை மாவு முதலிலும், ஹோல்மீலோ தவிடோ நாலாவது ஐந்தாவது இடத்திலும் இருந்தால், அந்தப் பழுப்பு நிறம் மால்ட்டிலிருந்தோ கேரமலிலிருந்தோ வந்திருக்கலாம்.

ஒவ்வொரு வீட்டிலும் சப்பாத்திக்கு ஆட்டா மாவு இருக்கிறதே, அதில் சுடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். சுடலாம், ஆனால் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். கல்லில் நெருக்கி அரைபடுவதால் ஆட்டாவில் ஸ்டார்ச் துகள்கள் நிறைய உடைந்திருக்கும். உடைந்த ஸ்டார்ச் தண்ணீரை அதிகம் குடிக்கும், சப்பாத்தி மெத்தென்று வருவது அதனால்தான். ரொட்டியில் அதுவே வினையாகிறது. மாவு புளிக்கும் நேரத்தில் நொதிகள் அந்த ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்க, அது பிடித்து வைத்திருந்த தண்ணீர் வெளியே வந்துவிடும். பிசையும்போது கச்சிதமாக இருந்த மாவு ஒரு மணி நேரம் கழித்துத் தளர்ந்து வழிவதும், சுட்டபின் உள்ளே பிசுபிசுப்பதும் இதன் விளைவு. ஆகவே ஆட்டாவுக்கு 375 கிராம் தண்ணீரோடு நிறுத்துங்கள். 500 கிராமில் 150 கிராம் ரொட்டி மாவாக இருக்கட்டும். ஆட்டா பாக்கெட்டிலும் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும், வெள்ளை மாவில் தவிடு கலந்து விற்பதும் உண்டு.

மில்லில் கோதுமை கொடுத்து அரைத்துக்கொள்பவர்கள், உங்களுக்கு முன்னால் அங்கே மிளகாய்த்தூள் அரைத்தார்களா என்று கேட்டுவிடுவது நல்லது. அரைத்த மாவு சூடாக வரும். அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்த பிறகே டப்பாவில் போடுங்கள்.

ஹோல்மீலில் முளைப்பகுதியின் எண்ணெய் இருப்பதால் வெள்ளை மாவைப் போல அலமாரியில் மாதக்கணக்கில் வைக்க முடியாது. இந்த வெப்பத்தில் சில வாரங்களிலேயே சிக்கு வாடை வந்து ரொட்டி கசக்கும். தவிட்டின் கசப்பு என்று பலர் நினைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சிக்குதான். நல்ல மாவைக் கொஞ்சம் வாயில் போட்டால் இலேசாக இனிக்கும். வாங்கி வந்ததும் பாக்கெட்டோடு 4 நாள் ஃபிரீசரில் வைத்துவிட்டால் வண்டு முட்டை இருந்தாலும் செத்துவிடும். அப்புறம் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம்.

இனி தண்ணீர். ஹோல்மீல் ரொட்டி செங்கல்லாக வருவதற்கு முதல் காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறை. தவிடு தண்ணீரை மெதுவாகக் குடிக்கும். கலந்தவுடன் மாவு கையில் ஒட்டுகிறதே என்று இன்னும் இரண்டு கை மாவைத் தூவிவிடுவோம். அரை மணி நேரத்தில் தவிடு ஊறி, அந்த மாவு கல்லாகிவிடும். ஊறாத தவிட்டின் முனைகள் கூர்மையானவை, பிசையப் பிசைய குளூட்டன் இழையைக் கிழித்துக்கொண்டே இருக்கும். எனவே ஈஸ்ட்டும் உப்பும் சேர்க்காமல், மாவை 380 கிராம் தண்ணீரில் (தண்ணீரை 370, 375 என்று குறைத்தவர்கள் அதில் 20 கிராமை எடுத்துவைத்துவிட்டு மீதியில்) உலர்ந்த திட்டு இல்லாமல் கலந்து, மூடி, 40 நிமிடம் சும்மா விடுங்கள். பிசைய வேண்டியதில் பாதி வேலை அந்த நேரத்தில் தானாக முடிந்துவிடும்.

அந்த 380 கிராமும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த நீராக இருக்க வேண்டும். பிசைந்து முடித்த மாவு 25, 26 டிகிரியில் இருந்தால்தான் நொதிப்பு நம் கட்டுக்குள் இருக்கும். ரொட்டிக்கடைக்காரர்களின் கணக்கு ஒன்று உண்டு. வேண்டிய வெப்பம் 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் அறையின் வெப்பம் 30, மாவின் வெப்பம் 30, கையால் பிசையும்போது ஏறும் சூடு 3 ஆகியவற்றைக் கழித்தால் 15. அதுதான் தண்ணீர் இருக்க வேண்டிய வெப்பம். ஊறவைக்காமல் நேராகப் பிசைபவர்களுக்கு ஃபிரிட்ஜ் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் அந்தக் கணக்குக்கு அருகில் வரும். 40 நிமிடம் ஊறும்போது மாவு அடுப்படிச் சூட்டை வாங்கிக்கொள்வதால் முழுவதும் குளிர்ந்த நீராகவே ஊற்றுகிறோம். மிக்சரில் பிசைந்தால் உராய்விலேயே 10 டிகிரிக்கு மேல் ஏறிவிடும், அப்போது ஊறிய மாவைப் பாத்திரத்தோடு கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பிசையுங்கள்.

ஈஸ்ட்டை மட்டும் குளிர்ந்த நீரில் போடாதீர்கள். காய்ந்த ஈஸ்ட் சில்லென்ற நீரில் சரியாக உயிர் பெறாது. மீதி 20 கிராம் குழாய்த் தண்ணீரில் அதைக் கரைத்து, ஊறிய மாவின் மேல் ஊற்றி, சர்க்கரை, வினிகர், உப்பு சேர்த்துப் பிசையத் தொடங்குங்கள். எண்ணெய் கடைசி இரண்டு நிமிடத்தில் போனால் போதும், முன்கூட்டியே ஊற்றினால் மாவு வழுக்கிக்கொண்டு ஒன்றுசேராது. கையால் 10 முதல் 12 நிமிடம். ஒட்டினால் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், மாவு தூவாதீர்கள். வெள்ளை மாவு போல் கண்ணாடித் தாளாக இது விரியாது. ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி இரு விரலால் இழுத்தால் நாலைந்து சென்டிமீட்டர் அறுபடாமல் நீண்டால் சரி. இழுத்த மாத்திரத்தில் அறுந்தால் ஐந்து நிமிடம் மூடிவைத்துவிட்டு மறுபடி பிசையுங்கள்.

முதல் உப்பல் 30 டிகிரி அடுப்படியில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். கடிகாரத்தைவிட மாவைப் பாருங்கள். நேர்ச் சுவர் கொண்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மாவின் மட்டத்தில் வெளிப்புறம் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டால் ஊகிக்க வேண்டிய வேலை இல்லை. இருந்த உயரத்தில் ஒன்றரை மடங்கு, மிஞ்சினால் ஒன்றே முக்கால் மடங்கு. ஹோல்மீலை இரு மடங்குவரை விட்டால் தவிட்டால் ஏற்கெனவே பலவீனமான இழைகள் அறுந்து, அடுத்த முறை உப்ப வலு இருக்காது. சர்க்கரையும் நொதியும் தவிட்டிலும் முளையிலும் அதிகம் என்பதால் வெள்ளை மாவைவிட இது வேகமாகவே புளிக்கும். அரை மணி நேரத்தில் ஒரு முறை ஈரக்கையால் நான்கு பக்கமும் இழுத்து மடித்துவிடுங்கள்.

டின்னுக்கு வருவோம். மேலே சொன்ன அளவில் கிட்டத்தட்ட 970 கிராம் மாவு வரும். அதற்கு 2 லிட்டர் கொள்ளும் டின் வேண்டும். கடையில் எழுதியிருக்கும் அளவை நம்ப வேண்டாம். டின்னைத் தராசில் வைத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். 2 கிலோவுக்குப் பக்கத்தில் காட்டினால் அது உங்கள் டின். மூலை ஒழுகினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துக்கொள்ளலாம். டின் பெரிதாக இருந்து ரொட்டி தட்டையாக வந்ததற்கு ஈஸ்ட்டைக் குறை சொல்கிறவர்கள் ஏராளம்.

மாவைப் பலகையில் தட்டி, டின் நீளத்துக்கு அகலம் வைத்துப் பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டி, மடிப்பு ஓரத்தைக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி எண்ணெய் தடவிய டின்னில் இறக்குங்கள். சுருட்டும்போது காற்று அடைபட்டால் வெட்டும்போது பொந்து தெரியும். இரண்டாவது உப்பல் 35 முதல் 45 நிமிடம். மாவு விளிம்புக்கு 2 சென்டிமீட்டர் கீழே இருக்கும்போதே ஓவனைப் போட்டுவிட வேண்டும். மேசை ஓவன் சூடாக 15, 20 நிமிடம் பிடிக்கும், நம் ஊர் மாவு அதுவரை காத்திருக்காது. விளிம்பைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் வந்ததும் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். குழி உடனே எழும்பினால் இன்னும் ஐந்து பத்து நிமிடம். மெதுவாகப் பாதி எழும்பினால் ஓவனுக்குள் போகலாம். எழும்பவே இல்லையென்றால் பிந்திவிட்டது. அதை அப்படியே சுட்டால் மேல்தோல் உள்ளே விழும், தோலுக்கும் சதைக்கும் நடுவே இடைவெளி வரும். அப்போது வெளியே எடுத்து, அமுக்கி, மறுபடி சுருட்டி வைத்தால் கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் ரொட்டியாக வரும்.

ஓவனில் 210 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 190ல் 25 முதல் 30 நிமிடம். குமிழில் 200 என்று காட்டும் சிறிய ஓவன் உள்ளே 170ஆகவோ 230ஆகவோ இருப்பது சாதாரணம். உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் பாதிப் புகார் தீர்ந்துவிடும். டின்னைக் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல் கம்பி பக்கத்தில் இருப்பதால் 20 நிமிடத்தில் தலை கருகத் தொடங்கினால் அலுமினியத் தாளை மூடிவிடலாம். குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் ரொட்டியின் நடுவில் 96 டிகிரி காட்ட வேண்டும். இல்லையென்றால் டின்னிலிருந்து கவிழ்த்து அடியில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் டின் இல்லாமல் இன்னும் ஐந்து நிமிடம் ஓவனிலேயே வையுங்கள். எடுத்ததும் டின்னில் விட்டுவைக்கக் கூடாது, ஆவி அடியில் தண்ணீராகிப் பக்கச் சுவர் சொதசொதத்து உள்ளே வளையும். கம்பித் தட்டில் முழுவதும் ஆறும்வரை, குறைந்தது இரண்டு மணி நேரம், கத்தி வைக்காதீர்கள். சூட்டோடு வெட்டி, கத்தியில் பசை ஒட்டியதைப் பார்த்து வேகவில்லை என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறு, உள்ளே ஸ்டார்ச் இன்னும் இறுகவில்லை, அவ்வளவுதான். 1500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. இடமிருந்தால் இரண்டு டின்னை ஒன்றாகச் சுடுவது சிக்கனம்.

சர்க்கரை நோய்க்காக ஹோல்மீலுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, ஆகவே இது நம் எல்லார் வீட்டுக் கவலையும்தான். 100 கிராம் வெள்ளை மாவில் நார்ச்சத்து 3 கிராமுக்கு அருகில், ஹோல்மீலில் 10 கிராமுக்கு மேல். அது பெரிய ஆதாயம். ஆனால் 2008ல் வெளியான பன்னாட்டு கிளைசீமிக் குறியீட்டு (உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண்) அட்டவணையில் வெள்ளை ரொட்டிக்கு 75, ஹோல்மீல் ரொட்டிக்கு 74. நைசாக அரைத்த மாவு எந்த நிறத்தில் இருந்தாலும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். ஹோல்மீல்தானே என்று ஐந்தாறு துண்டு சாப்பிடுவதைவிட இரண்டு துண்டோடு பருப்பு, முட்டை, கடலை என்று சேர்த்துக்கொள்வது மேல். ரொட்டியை 16 துண்டாக்கினால் ஒரு துண்டில் உப்பு அரை கிராமுக்குச் சற்று மேல். உப்பை அடியோடு நிறுத்திவிடவும் வேண்டாம், அது இல்லாவிட்டால் மாவு கட்டுக்கடங்காமல் பொங்கிச் சரியும்.

வினிகருக்கான காரணம் இதுதான். நம் ஊரில் வீட்டு ரொட்டிக்குப் பூஞ்சணத்தைவிட மோசமான ஒரு கேடு உண்டு. மண்ணிலிருந்து தவிட்டோடு வரும் ஒருவகை பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகள் ஓவன் சூட்டிலும் சாகாது, ஏனெனில் ரொட்டியின் உள்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. ஆறிய ரொட்டி 30 டிகிரியில் மூடிக்கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். இரண்டாம் நாள் அழுகிய அன்னாசி போல ஓர் இனிப்பு வாடை வரும், நடுப்பகுதி பழுப்பாகிப் பிசுபிசுக்கும், பிய்த்தால் சிலந்தி நூல்போல் இழை நீளும். வெளித்தோலில் ஒன்றுமே தெரியாது. கடை ரொட்டியில் கால்சியம் புரோப்பியோனேட் என்ற கெடாமல் காக்கும் பொருளைச் சேர்ப்பது இதற்கும் பூஞ்சணத்துக்கும்தான். வீட்டில் அந்த வேலையை ஒரு மேசைக்கரண்டி வினிகர் செய்கிறது. மாவில் புளிப்பு சற்று ஏறினால் அந்தப் பாக்டீரியா தலையெடுக்காது, சுட்ட ரொட்டியில் வினிகர் வாசமும் தெரியாது. இளஞ்சூட்டிலேயே பிளாஸ்டிக் பையில் கட்டிவைப்பது அதற்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

வினிகர் சேர்த்தாலும் வெளியே ஒன்றரை நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜின் குளிரில் ஸ்டார்ச் வேகமாக இறுகி ரொட்டி வறட்டுத் தன்மை அடையும். ஆறியதும் துண்டுபோட்டு, ஒன்றரை நாளுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்து, மற்றதை ஃபிரீசரில் வையுங்கள். உறைந்த துண்டை நேரே டோஸ்டரில் போடலாம்.

அந்த அன்னாசி வாடை ஒரு முறை வந்துவிட்டால் ரொட்டியைத் தூக்கி எறியுங்கள், காயவைத்துத் தூளாக்கி கட்லெட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். டின், பலகை, கத்தி, மூடும் துணி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, வினிகரால் துடைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். மாவு டப்பாவைக் காலிசெய்து கழுவி நன்றாக உலர்ந்த பிறகே புது மாவு போடுங்கள். அடுத்த இரண்டு மூன்று ரொட்டிக்கு வினிகரை ஒன்றரை மேசைக்கரண்டியாக்கி, அந்தக் கூடுதல் அளவைத் தண்ணீரில் கழித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்